கமர்கட் அக்கா

அவருடைய தோள்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கமர்கட் இருக்கும். வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கல்லாக உருட்டிய அந்தப் பழைய மிட்டாய்தான். காலடிப்பேட்டையில் ஒரு பெட்டிக்கடையில் மட்டும்தான் இன்னும் பல் இறங்காத பதத்தில் கிடைக்கிறது என்று சொல்லி, ராயபுரத்திலிருந்து வரும் வழியில் அங்கே இறங்கி வாங்கி வருவார். அது எங்கள் வாயை அடைக்க.

நாங்கள் விளையாட்டுகளை எழுதுகிறவர்கள். கம்ப்யூட்டரில் ஆடுவது இல்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, வாயால் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு. ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்லலாம். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும். எந்த ஊர், என்ன ஆபத்து, எப்போது உருட்டுவது, உருட்டினால் என்ன ஆகும் என்று எழுதி வைப்பது எங்கள் வேலை. எந்தக் கம்பெனியும் எங்களை அமர்த்தவில்லை. அவரவர் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்துக் கொண்டுவருவோம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் ஆடிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் ஒரு டியூஷன் சென்டரில் கூடுவோம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருப்போம். கீழே டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்று உறுமும். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

எங்களைக் கூட்டிச் சேர்க்கிறவர் அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். துறைமுகத்துக்கு எதிரே, கப்பல் சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றாமல் மாட்டிக்கொண்டு வருவார். செருப்பை வாசலில் விட்டு, ஒரு காலை மடக்கிப் பெஞ்சில் போட்டு உட்கார்ந்தாரானால் கூட்டம் ஆரம்பித்தது என்று அர்த்தம்.

அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். யாருடைய விளையாட்டு மேசைக்கு வருகிறதோ அவர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வேண்டும். வாயில் கமர்கட். அது கரைகிறவரை பேசக் கூடாது. கடித்து விழுங்கினால் அடுத்த மாதம் அவருக்கு மேசை கிடையாது. எழுதியவன் பக்கத்திலிருந்து ‘அது அப்படி இல்லீங்க, இப்படி’ என்று விளக்கிக்கொண்டே இருந்தால் எந்த விளையாட்டும் ஓடிவிடும், அதில் எழுத்துக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி.

நான் முதன்முதலில் போன அன்று, யாரோ எழுதிய பேய் பங்களா விளையாட்டு முடிந்திருந்தது. என்னைக் கூட்டிப்போன தோழி மரியாதைக்காக, “நல்லா இருந்துச்சுக்கா” என்றாள்.

“நல்லா கீதுன்னா இன்னா கீது?” என்றார் அக்கா. “எங்க நின்னுச்சு, அத்த சொல்லு.”

அது அவருடைய ஆபீஸ் பாஷை. அங்கே கன்டெய்னருக்குப் பெட்டி என்றுதான் பெயர். பெட்டியில் நல்ல பெட்டி, மோசமான பெட்டி என்று இல்லை. ஓடுகிறது, அல்லது எங்கேயோ நிற்கிறது. நின்றால் எந்த கேட்டில், எந்தத் தாளுக்காக நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் அதையே கேட்டுக்கொண்டிருப்பவர், ஞாயிற்றுக்கிழமை எங்களிடமும் அதையே கேட்டார். எந்த இடத்தில் ஆட்டம் நின்றது? எப்போது யார் கை போனைத் தேடிப் போயிற்று? யார் யாரைப் பார்த்து ‘இப்ப என்ன பண்ணணும்’ என்று முழித்தார்? அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

எங்களில் அண்ணா நகர்க்காரர் ஒருவர் உண்டு. சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை, நிறையப் படித்தவர், நல்ல மனிதர். யார் எதைக் கொண்டுவந்தாலும், “நானா இருந்தா இதை ஒரு விண்வெளிக் கப்பல்ல வெச்சிருப்பேன்” என்று ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது தடவை அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ நீயா இரு மாமு. அது அவன் கேம். உன் கப்பல நீ உன் வூட்ல வுட்டுக்கோ.”

அண்ணா நகர்க்காரரே முதலில் சிரித்தார். அன்று முதல் குழுவில் ‘நானா இருந்தா’ தடை செய்யப்பட்டது. வாய் தவறிச் சொன்னால் அவருக்கும் ஒரு கமர்கட்.

அக்கா ஆடுவதைப் பார்க்க வேண்டும். தாளில் எழுதியதை மட்டும்தான் செய்வார். ஒரு கல்லூரிப் பையன் புதையல் விளையாட்டு ஒன்று கொண்டுவந்தான். கிணற்றில் இறங்குவதற்கு இரண்டு பகடை உருட்ட வேண்டும் என்று எழுதியிருந்தான். அக்கா உருட்டினார், இறங்கினார். மற்றவர்கள் காட்டைத் தாண்டி, கோட்டைக்குள் நுழைந்து, பாம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, வெளிய வாங்க.”

“எப்டி வர்றது? ஏறலாம்னு எங்கியும் போடல. நான் இங்கியே கீறேன், நீங்க போய்னே இருங்க.”

கடைசிவரை கிணற்றிலேயே இருந்தார். அவ்வப்போது, “இங்க தண்ணி சில்லுனு கீது” என்று அங்கிருந்து சேதி மட்டும் வரும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில்.

அவர் சொந்தமாக ஒரு விளையாட்டும் எழுதியதில்லை. ஏன் என்று கேட்டால், “எல்லாரும் கப்பல் வுட்டா ஹார்பர்ல யாரு நிக்கிறது?” என்பார். “இத எத்தினி தடவக்கா சொல்லுவ” என்று நாங்கள் முனகுவோம். வேறு பதில் வராது.

அவருடைய இந்தப் பிடிவாதம் எல்லா நேரமும் வேடிக்கையாக இருக்கவில்லை. எண்ணூரிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெல்டர், அதிகம் பேசாதவர். அவர் எழுதியது, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனைத் தேடிப் போகும் படகுகளைப் பற்றி. அவருடைய தம்பிதான் அது என்று எங்களுக்குத் தெரியும். ஆடி முடித்ததும் ஒருவர், “ரொம்ப மனச தொட்டுச்சு” என்றார். அக்கா மெதுவான குரலில்தான் கேட்டார், ஆனாலும் கேட்டார்: “எங்க நின்னுச்சு?”

என் தோழி தயங்கித் தயங்கி, “பாதிலயே தெரிஞ்சிடுச்சுக்கா, கெடைக்க மாட்டான்னு. அப்பறம் சும்மாதான் துடுப்புப் போட்டோம்” என்றாள்.

வெல்டர் எழுந்துவிட்டார். “அது அப்டித்தான். கெடைக்கல. வேற இன்னா எழுதச் சொல்றீங்க?” தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அக்காவைக் கல் நெஞ்சுக்காரி என்று நானே தோழியிடம் சொன்னேன். சில இடங்களில் வாயை மூடிக்கொள்ளத் தெரிய வேண்டாமா?

அடுத்த மாதம் வெல்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதம் அக்கா எங்களை டியூஷன் சென்டருக்கு வரச் சொல்லாமல் எண்ணூர் பஸ்ஸில் ஏற்றினார். நாலு பேரோடு போய் வெல்டர் வீட்டு வாசலில் நின்று, “நைனா, ஆட வந்துக்கீறோம். மேச கீதா?” என்றார். மேசை இல்லை. கட்டிலில் உட்கார்ந்து ஆடினோம். வெல்டரின் அம்மா கவலை என்கிற சின்ன மீனை வறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தார். பாதிக்கு மேல் ஆட்டம் மறுபடியும் தொய்ந்தபோது, அந்த அம்மாவே, “அவனத் தேடறப்போ காசிமேட்டுலருந்துகூட ஆளுங்க வந்தாங்கப்பா. முன்னப் பின்னத் தெரியாதவங்க” என்றார். வெல்டர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த விளையாட்டில், தேடப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று அறிந்துகொள்வதுதான் பாதிக்கு மேல் நடப்பது என்று மாறியது. காணாமல் போனவன் கிடைப்பதில்லை. ஆனால் துடுப்புப் போட ஒரு காரணம் இருந்தது. அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. வறுத்த மீனை இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி என் கதை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசில் அம்மாவோடு நின்றபோது, அந்த வரிசையிலேயே நான்தான் நிமிர்ந்து நின்றேன். அதை இப்போதும் எங்கேயும் சொல்லிக்கொள்வேன். அம்மாவுக்கு என் விளையாட்டு மட்டும் புரியவில்லை. “தாயக்கட்ட உருட்றதுக்கா டிகிரி படிச்ச?” என்பாள்.

வியாசர்பாடியில் நான் பிறந்த ஹவுசிங் போர்டு பிளாக்கைத்தான் எழுதினேன். பெயர் ‘மூணாவது மாடி’. வெள்ளம் வருகிறது. கீழ் வீடுகள் மூழ்குகின்றன. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரும் மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். கீழேயிருந்து படியேறி வருகிறவர்களாகவும் அவர்களே மாறி மாறி ஆட வேண்டும். வருகிறவர் கையில் ஒன்றே ஒன்றைத் தூக்கி வரலாம். யார் எங்கே படுப்பது, இருக்கிற அரிசியை என்ன செய்வது, எல்லாம் பேசித் தீர்க்க வேண்டும். காலையில் படகு வந்தால் முடிந்தது.

அந்த வருடம் பெங்களூரில், எங்களைப் போலத் தனியாக விளையாட்டு எழுதுகிறவர்களின் கூடல் ஒன்று நடந்தது. எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். எது போவது என்பதற்கு அக்கா வைத்த அளவு எல்லோருக்கும் தெரியும்: எழுதியவர் இல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் தாளை மட்டும் வைத்து ஆடி முடிக்க வேண்டும். நான் அந்த மேசையை விரும்பியதுபோல் எதையும் விரும்பியதில்லை. ஹவுசிங் போர்டு என்றதும் மூக்கைச் சுருக்குகிறவர்கள் இரண்டு மணி நேரம் என் மாடியில் குடியிருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கமர்கட் வாயில். பகடை உருண்டது, தண்ணீர் முதல் மாடிக்கு ஏறியது. அண்ணா நகர்க்காரர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, வெகு இயல்பாக, “நான் கதவை மூடிட்டு உள்ளே இருக்கேன்” என்றார்.

கைக்குழந்தையோடு படியேறி வந்த என் தோழி தட்டினாள். “நான் திறக்கல” என்றார். எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரைப் பார்த்து இன்னொருவரும் கதவை மூடிக்கொண்டார். ஆட்டம் நின்றது.

நான் கமர்கட்டைக் கையில் துப்பினேன். “யாரு கதவ மூடுவாங்க? எங்க பிளாக்குல எந்த வூட்லயும் பகல்ல கதவே சாத்த மாட்டாங்க. வெள்ளத்துல கொயந்தைய வெச்சிகினு ஒருத்தி நிக்கிறா, கதவ மூடுவாங்களா?”

“வாயில போடு” என்றார் அக்கா.

“அக்கா, இது தெரியாதா யாருக்கும்?”

“உனக்குத் தெரியும். தாளுக்குத் தெரில. போடு வாயில.”

கூட்டம் கலைந்தபோது அண்ணா நகர்க்காரரிடம், “உங்க பக்கம் மூடுவீங்க போல சார்” என்றேன், குத்தலாக.

அவர் கோபப்படவில்லை. “மூடுவோம்மா. என் பக்கத்து ஃபிளாட்ல யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. தட்டினா பயமாத்தான் இருக்கும்” என்றார்.

பஸ் ஸ்டாப் வரை அக்காவின் பின்னாலேயே போனேன். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கதவே இல்லாத பிளாக் என்று எழுதிவிடட்டுமா? மூடக் கூடாது என்று சட்டம் போடட்டுமா?

“எனுக்கு இன்னா தெரியும்? நின்ன எடத்த சொல்ட்டோம். தள்றது உன் வேல” என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜன்னல் வழியாகக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதம் முழுக்க அவர் மேல் கடுப்பாக இருந்தேன். கடுப்போடுதான் எழுதினேன். மூடக் கூடாது என்று எழுதிப் பார்த்தால் அது என் பிளாக்காக இல்லை. எங்கள் மாடியில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே. கடைசியில் இப்படி எழுதினேன்: கதவை மூடுகிறவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். வெளியே நடப்பதெல்லாம் காதில் விழும். பேச முடியாது. எப்போது வேண்டுமானாலும் திரும்பி உட்காரலாம். அதுதான் கதவு திறப்பது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அண்ணா நகர்க்காரர் மறுபடியும் மூடினார். பெஞ்சில் அந்தப் பக்கம் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த பதினாறாம் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் ஒரு பாய்க்குச் சண்டை போட்டார்கள், மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தேடினார்கள், யாரோ குறட்டை விட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு திரும்பி, “டீயா போடறீங்க? எங்கிட்ட பால் பவுடர் இருக்கு” என்றார். ஸ்டூலில் நான் வாயைத் திறக்கவே இல்லை.

பெங்களூருக்கு ‘மூணாவது மாடி’ போவதென்று முடிவாயிற்று. விதிகளை ஆங்கிலத்தில் நானே மொழிபெயர்த்தேன். யாரையும் திருத்தச் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை.

பெரிய மண்டபம். அக்கா என்னைக் கொண்டுபோய்க் கோடியில் வேறு யாரோ எழுதிய விளையாட்டில் உட்கார வைத்தார். அங்கே நான் ஒரு கொள்ளைக்காரி. என் கண் முழுக்கத் தூரத்தில் இருந்த என் மேசை மேல். நாலு பேர், எல்லோரும் அந்நியர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி திரும்பியது. சரி, இருக்கட்டும். இன்னொன்றும் திரும்பியது. மூன்றாவதும் திரும்பியபோது, இங்கே என் முறை வந்தும் நான் பகடையை எடுக்கவில்லை. மூன்று பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, மேசையில் ஒரு பெண் மட்டும் தாளோடு தனியாக இருந்தார். இனி என்ன நடக்க முடியும்? என் மாடியில் மூன்று கதவுகள் மூடியே கிடந்து, படகு வந்து, அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எழுந்துவிட்டேன். அக்கா எங்கிருந்தோ வந்து என் தோளை அழுத்தினார். “குந்து.”

“அக்கா, நின்னுடுச்சு.”

“நிக்கட்டும். குந்து.”

அப்படிச் சொன்னாரே தவிர, அடையாள அட்டையின் ஓரத்தை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் எழுந்தார். முதல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். குனிந்து என்னவோ செய்தார். அடுத்ததற்குப் போனார். மூன்றாவது நாற்காலியில் இருந்த தாடிக்காரர் தோள் குலுங்கியது. பிறகு மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பினார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

ஆட்டம் முடிந்ததும் அக்காதான் போய் விசாரித்தார். நான் நாலடி தள்ளி நின்றேன். அந்தப் பெண் பெங்களூரிலேயே அல்சூர்க்காரர், தமிழ் பேசினார்.

“ஒரு பொருள் எடுத்துகிட்டு வரலாம்னு இருந்துச்சுங்க. நான் ஆடு தூக்கிகிட்டு வந்தேன். எல்லாரும் கதவ மூடிட்டாங்க, பேசவும் மாட்டாங்க. காது கேக்கும்னு போட்டிருந்துச்சே. அதான் ஒவ்வொரு கதவுகிட்டயும் போய் ஆடு கத்துற மாதிரி கத்துனேன். அப்பறம் அதுக்கு எங்க படுக்க எடம்னுதாங்க ஒரு மணி நேரம் சண்ட.”

அக்கா என் பக்கம் வந்தார். “உங்க பிளாக்குல ஆடு கீதா?”

“இருந்துச்சுக்கா. வெள்ளத்துல கீழ் வூட்டுக்காரரு தோள்ல போட்டுகினு ஏறி வந்தாரு. எங்க வாசல்லதான் கட்டிப் போட்டிருந்தோம். என் காலேஜ் பை வாரைத் தின்னுடுச்சு.”

“அத்த ஏன் எழுதல?”

“சிரிப்பாங்கன்னு.”

“சிரிச்சிகினுதான் கீறாங்க” என்றார் அக்கா. அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த அந்த மேசையை மோவாயால் காட்டினார். “போய் ஆடு. எழுதுனது நீதான்னு சொல்லாத.”

இப்போது அக்கா தூத்துக்குடியில் இருக்கிறார். ஆபீஸ் அங்கே கிளை திறந்து அனுப்பிவிட்டது. அங்கேயும் கூட்டம் சேர்க்கிறார் என்று கேள்வி. அவர் முகத்தை நினைத்தால் எனக்கு வருவது, சிரிப்பை அடக்கிக்கொண்டு மோவாயால் மேசையைக் காட்டிய அந்த முகம்தான்.

அன்று அவர் காட்டிய அந்த மேசைக்குப் போனேன். காலி நாற்காலி இல்லை, வேறொன்றை இழுத்து வந்தேன். அல்சூர்க்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வெறும் இடத்தைக் கையால் ஒதுக்கினார்.

“வாங்க, வாங்க. ஆட்ட கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டிட்டு உக்காருங்க. எந்த மாடிலருந்து வர்றீங்க?”

நான் ஆட்டைத் தள்ளிக் கட்டினேன்.

“இதே மாடிதாங்க,” என்றேன். “கடைசி வீடு.”